ஆங்கிலத் தொடருக்கும் வழுவமைதி உண்டு

நான் பார்ப்பது காப்பி எடிட்டர் வேலை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளியாகும் ஆய்விதழ்கள் பலவற்றின் கட்டுரைகள் அச்சுக்குப் போகுமுன் தில்லி, நொய்டா, சென்னை, புதுச்சேரி ஆகிய ஊர்களில் உள்ள அலுவலகங்களுக்கு வந்து செல்கின்றன. எழுதியவர் ஜெர்மானியராக இருக்கலாம், கொரியராக இருக்கலாம், நம் நாட்டுப் பேராசிரியராகவும் இருக்கலாம். அவருடைய ஆங்கிலத்தை வரி வரியாகப் படித்து, திருத்த வேண்டியதைத் திருத்தி, ஐயமுள்ள இடத்தில் அவருக்கே ஒரு கேள்வி எழுதி அனுப்புவது எங்கள் பொறுப்பு. தரியாகஞ்சின் அன்சாரி சாலையில் ஒரு பதிப்பகத்தில் இந்தத் தொழிலைக் கற்றேன். இப்போது மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் நொய்டாவுக்குப் போய்வருகிறேன்.

இந்த வேலையில் இருப்பவரிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கொண்டுவருகிறார்கள்: "இந்த இங்கிலீஷ் சரியா?" ஆர்.கே.புரம் மலை மந்திரில் பிரசாதத்துக்கு நிற்கும்போதும் கேட்பார்கள். தமிழ்ச் சங்கத்தில் செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருக்கும்போதும் கேட்பார்கள். வேலைக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகள், மேலதிகாரிக்குக் கடிதம் எழுதுகிறவர்கள், விசா நேர்காணலுக்குப் போகிறவர்கள் எனப் பலர். தில்லிக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்கு இந்த அச்சம் இரட்டிப்பாக இருக்கிறது. இந்தி தடுமாறும் இடத்தில் அவர்களுக்குக் கைகொடுப்பது ஆங்கிலம்தான். அதிலும் யாராவது குறை சொல்லிவிடுவார்களோ என்று கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். அதனால் சரி, தப்பு என்று ஒரு சொல்லில் பதில் சொல்லி அனுப்பிவிடுவதில்லை. எப்படிப் பார்ப்பது என்பதையும் உடன் உட்கார்ந்து காட்டுகிறேன்.

கரோல் பாக்கில் ஒரு மாமா இருக்கிறார். பூர்விகம் கும்பகோணம், மத்திய அரசின் செயலகத்தில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். நோட்டிங், டிராஃப்டிங் இரண்டிலும் அவரை மிஞ்ச ஆளில்லை என்று உடன் வேலை பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அவருடைய தங்கை மகன் குருகிராமில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தான். 'வேண்டியதைச் செய்யவும்' என்ற பொருளில் 'டூ த நீட்ஃபுல்' என்று மின்னஞ்சலில் எழுதியதற்காக, அது ஆங்கிலமே இல்லை என்று அவனுடைய பயிற்சியாளர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டாராம். மாமாவுக்குத் தாங்கவில்லை.

"வேலையில் இருந்த காலமெல்லாம் ஃபைலில் எழுதிய வாக்கியம், அம்மா. இங்கிலீஷ்காரன் எழுதி வைத்துவிட்டுப் போனது. அது எப்படி இங்கிலீஷ் இல்லாமல் போகும்? நீதான் இந்த வேலை பார்க்கிறாயே, நீ சொல்."

"ஆனால் அக்கா, எங்கள் ஆபீசில் யாருமே அப்படி எழுதுவதில்லை" என்றான் அந்தப் பையன்.

இருவரும் சொன்னது உண்மை. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் எழுதிய கடிதங்களிலும் நூல்களிலும் அந்தத் தொடர் தாராளமாக வருகிறது. 20ஆம் நூற்றாண்டு வளர வளர அது பிரிட்டனில் அருகிவிட்டது. இந்திய அலுவலகங்களில் மட்டும் நிலைத்துக்கொண்டது. எனவே பயிற்சியாளர் சொன்ன காரணம் பிழை. அந்த அலுவலகத்தில் அதை எழுதாதே என்ற அறிவுரை மட்டும் நியாயமானது. அமெரிக்காவில் இருந்து அதைப் படிப்பவருக்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்பது புரியாது. ரசீதை அனுப்ப வேண்டுமா, கையொப்பமிட வேண்டுமா, பணத்தை விடுவிக்க வேண்டுமா? செயலகத்தில் ஃபைலின் முந்தைய பக்கங்கள் அதைச் சொல்லிவிடும். மின்னஞ்சலுக்குப் பின்னால் அப்படி ஒரு ஃபைல் இல்லை. "எது தேவையோ அதையே வினைச்சொல்லாகப் போட்டு எழுது" என்று பையனிடம் சொன்னேன். மாமாவிடம் அந்த வாக்கியத்தின் பழைய அச்சுச் சான்றுகளைத் திரையில் காட்டினேன். வெகுநேரம் ஒவ்வொன்றாகப் படித்தார்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு விசித்திரமாகத் தோன்றாது. நம் இலக்கண நூல்கள் தொடர்களை இரண்டாகப் பிரித்துவிட்டு நிற்பதில்லை. வழாநிலை (பிழையற்றது), வழு (பிழை), வழுவமைதி என்று மூன்றாகப் பார்க்கின்றன. விதிப்படி பிழையானாலும் ஒரு காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்பட்டது வழுவமைதி. பசு வருவதைக் கண்டு "என் அம்மை வந்தாள்" என்று ஒருவர் மகிழ்ந்து சொன்னால் அஃறிணையை உயர்திணையாக்கிவிட்டார் என்று யாரும் திருத்துவதில்லை. பவணந்தி முனிவரின் நன்னூல், வழுக்களைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக எண்ணுகிறது. மரபு என்றால் என்ன என்பதற்கு அதன் சூத்திரம் இது: "எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே."

ஆங்கிலத் தொடர்களைச் சரிபார்க்க இதைவிடப் பயனுள்ள வழிகாட்டியை நான் காணவில்லை. ஆங்கிலத்தில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்களில் பெரும்பாலானவை மரபு வழுதான். எழுவாய் சரியாக இருக்கும், காலம் சரியாக இருக்கும். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதில்தான் பிசகும். தென்னை நிற்கும் இடத்தைத் தோப்பு என்கிறோம், தோட்டம் என்பதில்லை. இதற்கு விதி கேட்டால் மரபு என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்தே அறிய முடியும் என்று 1957இல் எழுதிய ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கில மொழியியலாளரும் ஏறக்குறைய இதையே சொல்கிறார். இளமையில் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் அவர்.

ஆக, ஒரு தொடரைச் சரிபார்ப்பது என்றால், அந்த இடத்துக்கு 'உயர்ந்தோர்' யார், அவர்கள் எப்படிச் செப்பியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்ப்பது. லண்டன் ஆய்விதழுக்கு ஒரு கூட்டம், சிகாகோ அலுவலகத்துக்கு இன்னொரு கூட்டம், தில்லி அமைச்சகத்துக்கு வேறொரு கூட்டம். இதை முதலில் முடிவு செய்யாமல் எந்தக் கருவியைத் திறந்தாலும் பலனில்லை. அதனால் யார் என்னிடம் தொடரைக் கொண்டுவந்தாலும் முழு வாக்கியத்தையும் கேட்பேன்; யாருக்கு எழுதுகிறீர்கள் என்றும் கேட்பேன். தனியாக எடுத்து நீட்டிய இரண்டு சொற்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் போகும் இடம் அகராதி. ஆனால் சாதாரண அகராதி போதாது. ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்பவர்களுக்கென்றே தொகுத்த அகராதிகள் இருக்கின்றன. அவற்றைத்தான் திறக்க வேண்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி 1942இல் அங்கே வெளியிட்ட அகராதி, 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக மறுபிறவி எடுத்தது. ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் நேரடியாகச் செயப்படுபொருள் வருமா, முன்னிடைச்சொல் (பிரிபொசிஷன்) வேண்டுமா, வேண்டுமென்றால் எது என்பதை ஒவ்வொரு வினைக்கும் காட்ட வேண்டும் என்று வகுத்தவர் ஹார்ன்பி. 1987இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஜான் சின்க்ளேர் தலைமையில் வந்த காலின்ஸ் கோபில்ட் அகராதி இன்னொரு படி மேலே போயிற்று. கணினியில் சேர்த்து வைத்த உண்மையான வாக்கியங்களிலிருந்தே பொருளும் எடுத்துக்காட்டும் எடுக்கப்பட்டன. பொருள் விளக்கமும் அந்தச் சொல்லை வைத்தே முழு வாக்கியமாக எழுதப்பட்டது. விளக்கத்தைப் படித்தாலே சொல்லை எப்படி நிறுத்துவது என்று தெரிந்துவிடும். தரியாகஞ்சின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை 2019இல் நடைபாதையிலிருந்து மகிளா ஹாட்டுக்கு இடம் மாறியது. அங்கே இந்த அகராதிகளின் பழைய பதிப்புகள் மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம், வினையமைப்பு அவ்வளவு விரைவில் மாறிவிடாது. அண்மைக்காலச் சொற்களுக்கு மட்டும் இணையப் பதிப்பைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றின் கற்போர் அகராதிகளும் இணையத்தில் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன.

நம்மவர்களிடம் மிகப் பரவலான 'டிஸ்கஸ் அபவுட்' என்பதை இப்படிப் பார்த்துவிடலாம். அகராதியில் 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின்னால் செயப்படுபொருள் நேராக வருகிறது, 'அபவுட்' கிடையாது. 'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லாக மாறினால் 'அபவுட்' வரும், 'ஆன்' வரும். தமிழில் "பற்றி" விவாதிக்கிறோம். அந்தப் பழக்கமும், பெயர்ச்சொல்லின் சேர்க்கையும் கூடி வினையிலும் ஒட்டிக்கொள்கின்றன. 'எம்ஃபசைஸ் ஆன்' என்பதும் இதே குடும்பம். பெயரையும் வினையையும் எப்போதும் தனித்தனியாகத் தேட வேண்டும் என்பது இதில் கற்க வேண்டியது.

இதைக் கேட்டவுடன், வினைக்குப் பின்னால் வரும் சிறு சொற்களையெல்லாம் அடித்துவிடும் ஆர்வம் சிலருக்கு வந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களிடம் இதைப் பார்க்கிறேன். ஓர் அறைக்குள் நுழைவதற்கு 'என்டர் இன்டு' வேண்டாம். 'என்டர்' மட்டும் போதும். ஆனால் ஓர் ஒப்பந்தத்தில் ஈடுபடுவதற்கு 'என்டர் இன்டு' கட்டாயம் வேண்டும். ஒரே வினை, வேறு பொருள், வேறு கூட்டாளி. அகராதியில் முதல் பொருளைப் படித்துவிட்டு மூடிவிடுகிறவர்கள் இங்கேதான் தவறிவிடுகிறார்கள்.

அகராதியில் இன்னொரு பகுதி பலருடைய கண்ணில் படுவதே இல்லை. சொல்லுக்குப் பக்கத்தில் சாய்ந்த எழுத்தில் இருக்கும் முத்திரை: முறைசார்ந்தது, பழைய வழக்கு, வட அமெரிக்க வழக்கு, இந்திய வழக்கு என்று. வழுவமைதியை அடையாளம் காட்டுவது இந்த முத்திரைகள்தான். 'ப்ரிபோன்' என்ற சொல்லைப் பாருங்கள். கூட்டத்தை முன்னதாக வைத்துக்கொள்வதைச் சொல்லும் அதை "இந்தியர்கள் செய்த தப்பு" என்று பலர் நம்புகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிகள் அதை இந்திய வழக்கு என்ற முத்திரையோடு ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அது மட்டுமல்ல, 1913இலேயே நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு வந்த ஒரு வாசகர் கடிதம், 'போஸ்ட்போன்' என்பதற்கு இணையாக இப்படி ஒரு சொல் வேண்டும் என்று அதை முன்மொழிகிறது. அமெரிக்காவில் அது வேர்பிடிக்கவில்லை, நம் நாட்டில் பிடித்தது. தில்லிக்குள் அனுப்பும் கடிதத்தில் நான் அதை ஒருபோதும் திருத்துவதில்லை. வெளிநாட்டு வாசகருக்கு என்றால் மட்டும் 'பிரிங் ஃபார்வர்ட்', அமெரிக்கருக்கு 'மூவ் அப்' என்று மாற்றுகிறேன்.

அகராதி பதில் சொல்லாத தொடர்களுக்குத் தேடுபொறி. தொடரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால் அதே வரிசையில் சொற்கள் வரும் பக்கங்கள் மட்டும் கிடைக்கும். கிடைத்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது எத்தனை லட்சம் முடிவுகள் என்ற எண்ணிக்கையை. அதை நம்பாதீர்கள். அது கணினி போட்ட தோராயக் கணக்கு. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனால் சுருங்கிவிடுவதும் உண்டு. அதோடு, தவறான வடிவமும் இணையத்தில் எக்கச்சக்கமாக இருக்கும். ஒழுங்குக்குக் கட்டுப்படுவதைச் சொல்லும் 'டோ த லைன்' என்ற தொடரில் வருவது கால்விரலைக் குறிக்கும் 'டோ'. கோட்டில் விரலை வைத்து வரிசையாக நிற்பது என்பது அதன் படம். வண்டியை இழுத்துச் செல்வதைக் குறிக்கும் 'டோ' என்று வேறு எழுத்துகளில் அதை எழுதியவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் ஏராளம். காதில் விழுந்ததைத் தமக்குப் புரிந்த வேறு சொல்லாக எழுதிவிடும் இந்த வகைப் பிழைக்கு மொழியியலாளர்கள் 2003இல் 'எக்கார்ன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனவே எத்தனை பேர் எழுதினார்கள் என்பதைவிட யார் எழுதினார்கள் என்று பாருங்கள். தேடலை பிரிட்டிஷ் அரசுத் தளங்களுக்குள், அமெரிக்கப் பல்கலைக்கழகத் தளங்களுக்குள் என்று சுருக்கிக்கொள்ள முடியும். 'சைட்' என்ற கட்டளையும் முக்காற்புள்ளியும் போட்டு, தளத்தின் பின்னொட்டை எழுதினால் போதும். முதல் பத்து முடிவுகளையாவது திறந்து, முழு வாக்கியத்தைப் படியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கருவி கூகுள் 2010இல் தொடங்கிய என்கிராம். அச்சான நூல்களில் ஒரு தொடர் எந்த ஆண்டில் எவ்வளவு வழங்கியது என்பதை வரைகோடாகக் காட்டும். பிரிட்டிஷ் நூல்கள், அமெரிக்க நூல்கள் என்று தனித்தனியாகவும் பார்க்கலாம். 'டிஃபரன்ட் ஃப்ரம்', 'டிஃபரன்ட் டு', 'டிஃபரன்ட் தேன்' மூன்றையும் காற்புள்ளியிட்டுக் கொடுத்து, இரண்டு தொகுப்புகளிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். முதலாவது இரு நாட்டிலும் மேலே நிற்கும். இரண்டாவது பிரிட்டனின் வழக்கு, மூன்றாவது அமெரிக்காவின் வழக்கு. எது சரி என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் சண்டை போடுவதற்குப் பதிலாக இதைப் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம்.

தொடரின் நடுவில் ஒரு சொல் தெரியாவிட்டால் அந்த இடத்தில் நட்சத்திரக் குறி போடலாம். அதிகம் வழங்கும் பத்துச் சொற்களை அதுவே நிரப்பிக் காட்டும். நம் ஆய்வாளர்கள் 'வித் எ வியூ டு அண்டர்ஸ்டாண்ட்' என்று எழுதுகிறார்கள். 'டு' வந்தால் வினையின் வேர்ச்சொல் வரும் என்பது பள்ளியில் மனத்தில் பதிந்த பாடம். இந்தத் தொடரில் 'டு' ஒரு முன்னிடைச்சொல். பின்னால் பெயர்ச்சொல்லோ 'இங்' என்று முடியும் வடிவமோதான் வர வேண்டும். 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதற்கும் இதே கதி. விதியைச் சொல்லி விளக்கினால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். நட்சத்திரக் குறி போட்டு அவர்களையே பார்க்கச் சொன்னால் மறப்பதில்லை.

இதன் எல்லைகளையும் அறிந்திருக்க வேண்டும். ஐந்து சொற்களுக்கு மேல் கொடுக்க முடியாது. நாற்பது நூல்களுக்குக் குறைவாக வந்த தொடர்களை அது காட்டாது. ஆகவே கோடு வரவில்லை என்பதாலேயே தொடர் தவறு என்றாகிவிடாது. இது நூல்களின் மொழி, பேச்சின் மொழி இல்லை. 1800க்கு முந்தைய அச்சில் 'எஸ்' எழுத்து பல இடங்களில் 'எஃப்' போலவே இருந்ததால் கணினி தவறாகப் படித்த சொற்கள் அந்தக் காலப் பகுதியில் நிறைய.

சொல்லின் கூட்டாளிகளை நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் மொழித்தரவுத் தொகுப்புகளுக்கு, அதாவது கணினியில் திரட்டி வைத்த உண்மையான வாக்கியங்களின் சேமிப்புகளுக்கு, போக வேண்டும். தேடிய சொல் நடுவில் நிற்க, இடமும் வலமும் அதன் அண்டைச் சொற்கள் வரிசை வரிசையாக வரும். பிரிட்டிஷ் தேசியத் தொகுப்பில் பத்துக் கோடிச் சொற்கள்; மார்க் டேவிஸ் உருவாக்கிய தற்கால அமெரிக்கத் தொகுப்பில் நூறு கோடிக்கும் மேல். 'கோப் அப் வித்' என்று நம்மவர்கள் எழுதுவதை அந்தத் தொகுப்புகளில் தேடினால், 'கோப் வித்' என்ற வடிவமே வரிசை வரிசையாக வந்து நிற்கும். நம் நாட்டு ஆங்கிலத்துக்கும் சான்றுகள் உண்டு. கொல்ஹாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டின் இந்திய ஆங்கில எழுத்துகளிலிருந்து பத்து லட்சம் சொற்களைத் தொகுத்தார்கள். இருபது நாடுகளின் இணைய ஆங்கிலத்தை அடக்கிய ஒரு தொகுப்பில் இந்தியாவும் ஒரு பகுதி. ஒரு தொடர் நம்மிடம் மட்டும் வழங்குகிறதா, சிங்கப்பூரிலும் நைஜீரியாவிலும் உண்டா என்று அதில் தெரிந்துவிடும். இந்திய ஆங்கிலம் என்றாலே பிழை என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒரு முறையாவது அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆங்கிலேயர் ஒருவரைக் கேட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். கேட்கலாம். ஆனால் "இது சரியா?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் மரியாதைக்காக "புரிகிறது" என்பார், அல்லது பள்ளியில் படித்த விதி ஒன்றை நினைவுகூர்வார். "இந்தச் சூழலில் நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அவருடைய செவி அதற்குச் சரியான பதில் தரும். ஏன் அப்படி என்பதற்கு அவர் தரும் விளக்கத்தை மட்டும் அகராதியில் ஒத்துப்பாருங்கள். அதோடு, அவர் எந்த நாட்டவர் என்பது முக்கியம். ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்கப் படைத்தலைவர்கள் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் வாதிட்டார்கள் என்று சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இரு தரப்பும் விரும்பியது ஒன்றையே என்பது பிறகுதான் தெரிந்ததாம். நாடாளுமன்றங்களை ஒப்பிடும் ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லைப் பார்த்த உடனே நான் ஆசிரியருக்குக் கேள்வி எழுதினேன். இத்தகைய சொல்லைத் தானாக மாற்றக் கூடாது.

இலக்கணம் திருத்தும் மென்பொருள்களும், கேட்டவுடன் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவும் இப்போது எல்லோர் கையிலும் இருக்கின்றன. அவற்றை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விரைவாக ஒரு மாற்றுத் தொடரைத் தருவதில் அவை வல்லவை. ஆனால் எது பிழை, எது வேறு நாட்டு வழக்கு, எது பழைய நடை என்ற மூன்றையும் ஒரே நெளிகோடு போட்டுக் காட்டிவிடுகின்றன. சான்று கேட்டால் இல்லாத மேற்கோளையும் உறுதியாகச் சொல்வதுண்டு. எனவே அவை தரும் தொடரை எடுத்துக்கொண்டு, மேற்சொன்ன வழியில் நீங்களே ஒரு முறை தேடிவிடுங்கள்.

தமிழ்ச் சங்கத்தில் ஒரு தம்பி தன் சுயவிவரக் குறிப்பைக் காட்டினான். 'பாஸ்டு அவுட் இன் 2021' என்று எழுதியிருந்தான். "அக்கா, டேராடூன் ராணுவ அகாடமியில் பாசிங் அவுட் பரேடு என்றுதானே சொல்கிறார்கள்? செய்தியிலும் வருகிறதே" என்றான். நல்ல கேள்வி. ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுவதற்கு அந்தத் தொடர் பிரிட்டனிலிருந்தே வந்த மரபு. சென்னை பரங்கிமலையிலும் அதையே சொல்கிறார்கள். அங்கே அது வழாநிலை. கல்லூரிப் படிப்பை முடித்ததற்கு இந்தியாவில் அது பரவலாக வழங்குகிறது, இங்கே வழுவமைதி. அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்பும் குறிப்பில் அதைப் படிப்பவருக்கு "2021இல் மயங்கி விழுந்தேன்" என்ற பொருள்தான் முதலில் தோன்றும். 'கிராஜுவேட்டட்' என்று மாற்றச் சொன்னேன். "அப்படியானால் நான் எழுதியது தப்பில்லையே?" என்று மீண்டும் கேட்டான். தப்பில்லை, இந்தத் தாளுக்குப் பொருந்தாது என்று சொன்னதும் அவன் முகம் தெளிந்தது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் வெறுமனே அடித்துத் திருத்துகிறவர்கள் பிள்ளைகளின் துணிவையும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள்.

சரிபார்த்ததை எழுதி வைக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் கட்டாயம். ஸ்டைல் ஷீட் என்போம். ஒவ்வொரு நூலுக்கும் ஒன்று இருக்கும். நான் எனக்கென்று வைத்திருப்பதில் மூன்று பத்திகள். வழுக்களை எழுதும் முதல் பத்தியில் சரியான வடிவமும் அகராதியின் பெயரும் இருக்கும். வழுவமைதிப் பத்தியில் எந்த நாடு, எந்த வகை எழுத்து, யார் படித்தால் மாற்ற வேண்டும் என்று இருக்கும். மூன்றாவது, தவறு என்று பலர் சொல்லக் கேட்டு, தேடிப் பார்த்தபோது சரியென்று தெரிந்தவை. இந்த மூன்றாம் பத்தியை எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். தேவையில்லாத திருத்தங்களிலிருந்து பிறருடைய எழுத்தைக் காப்பது அதுதான். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். தேதியும் எழுதிவிடுங்கள், வழக்கு மாறும்போது தெரியும்.

கடைசியாக, மேற்கோள். பிறர் பேசியதை அப்படியே எடுத்தாளும் இடத்தில் தொடர் எந்தப் பத்தியைச் சேர்ந்ததானாலும் கைவைக்கக் கூடாது. தில்லி மருத்துவமனை ஒன்றைப் பற்றிய சமூகவியல் கட்டுரையில், "டாக்டர் இஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்று ஒரு செவிலியர் சொன்னதாக வந்தது. வெளிநாட்டு மதிப்பீட்டாளர் ஒருவர் ஓரத்தில், இது எந்த ரயில் நிலையம் என்று கேட்டிருந்தார். 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் 'ஸ்டேஷன்' என்பதற்கு, மாவட்டத்து ஆங்கிலேய அதிகாரிகள் தங்கியிருக்கும் ஊர் என்ற பொருள் இருக்கிறது. பர்னல் நம் சென்னை மாகாணத்தில், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். பணியிடத்து ஊரில் இல்லை என்ற பொருள் அங்கிருந்துதான் வருகிறது. ஆசிரியருக்கு நான் அனுப்பிய கேள்வி இவ்வளவுதான்: "மேற்கோள் என்பதால் மாற்றவில்லை. இந்திய வழக்கு, பொருள், வெளியூர் சென்றிருக்கிறார். வெளிநாட்டு வாசகருக்காகச் சிறு விளக்கம் சேர்க்கலாமா?" எதைப் பார்த்தேன், என்ன செய்தேன், அவர் என்ன முடிவு செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. நீளமாக எழுதினால் ஆசிரியர்கள் படிப்பதில்லை. அவர் அன்றே பதில் அனுப்பினார். சதுர அடைப்புக்குள் ஒரு விளக்கத்தைச் சேர்த்தோம், செவிலியரின் வாக்கியத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.